மாப்பிள்ளைக்கு ஒரு பாக்கெட் பேகல்

"நீங்க பேகல் எடுத்து வைங்க மாமா, நான் போய் பாலும் முட்டையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பரிதி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டான். போகிறவன் பேசாமல் போயிருக்கலாம். நாலடி போனவன் திரும்பி, "உங்க அளவுக்கு யாரு மாமா பாத்து எடுப்பா" என்று வேறு சொன்னான். நியூ ஜெர்சியில் சனிக்கிழமை முற்பகல், கடையில் கூட்டம் இருந்தும் சத்தம் இல்லை, ரொட்டி வரிசையின் நடுவில் தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போன வாரம் வரைக்கும் இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவருக்கு அன்றைய பொழுது முழுக்க நன்றாகப் போகும். மனைவி போனபிறகு ராணிப்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டுப் பெண் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு, அந்த வீட்டில் ஒரு வேலை, அந்த வேலையில் ஒரு நல்ல பேர், வேறு என்ன வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அதே வார்த்தை சாப்பாட்டில் வந்த முடி மாதிரி தொண்டையில் நின்றது, விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. அவன் என்று நினைப்பதெல்லாம் மனசுக்குள் மட்டும்தான். வாயைத் திறந்தால் மாப்பிள்ளை, வாங்க, சொல்லுங்க, உங்க சௌகரியம். அவனும் அப்படித்தான், மாமா என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டான். அந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக் கொடுத்தே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள்.

பேகலில் அவருக்குப் பேர் வந்ததே ஒரு கூத்து. வந்த புதிதில் மகள் மாதங்கி நடுவில் ஓட்டை போட்ட அந்த வட்ட ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தபோது, எண்ணெய் தட்டுப்பாட்டில் யாரோ வடையைச் சுட்டு எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். மாப்பிள்ளைக்குக் காலையில் அதுதான் வேண்டும், இட்லி தோசையெல்லாம் சனி ஞாயிறுக்கு என்று மாதங்கி சொன்னாள். சரி, மாப்பிள்ளை சாப்பிடுகிற பொருளை நாமே பார்த்து வாங்குவோம் என்று இவர் தானாகத்தான் கிளம்பினார். யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் மற்றவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், எடுத்து வண்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தணிகாசலம் அமுக்கிப் பார்ப்பார். முன்னால் இருப்பதை ஒதுக்கி, பின் வரிசையில் கையை விட்டு, பாக்கெட்டின் மேல் கட்டைவிரலை மெதுவாக வைத்து அழுத்துவார். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் தரம் பிரித்த விரல் அது. பதப்படுத்திய தோல் மேஜையில் வந்து விழும், கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் சொல்லிவிடும், இது கையுறைக்கு ஆகும், இது கைப்பைக்கு ஆகும், இதை அந்தப் பக்கம் போடு. பூ மாதிரி இருந்தால் முதல் தரம், வெளிநாட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். அந்தக் கணக்கிலேயே பேகலையும் பார்த்தார். இருப்பதிலேயே மெத்தென்று, அமுக்கினால் உள்ளே போய் மெதுவாக எழுந்து வருகிற பாக்கெட்டாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார். காலையில் தானே அதை இரண்டாகப் பிரித்துச் சூடு காட்டி, நெய் தடவி, மேலே இட்லிப்பொடி தூவி மாப்பிள்ளை முன்னால் வைப்பார். பரிதி ஒரு வாய் கடித்துவிட்டு, "சூப்பர் மாமா" என்பான். பெண்ணைக் கொடுத்த இடத்தில் கை நனைக்கக்கூடாது என்கிற வம்சத்தில் வந்தவருக்கு அந்த ஒரு சூப்பர் பெரிய ஆறுதல், சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம். அதில் பாருங்கள், அவருக்கே பேகல் பிடிக்காது. வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்களே என்று அவரும் அரை பேகலைக் காபியில் நனைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை எல்லாம் கெட்டது. பரிதி அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். கார் கொட்டகையில் சும்மா நிற்கிறதே, உள்ளே கூட்டி வைப்போம் என்று தணிகாசலம் போனார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் கடைசியில் இப்படித்தான் எதையாவது கண்டுபிடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஓட்டுகிறவர் இருக்கைக்குக் கீழே பழுப்புக் காகிதப் பைகள். கசக்கி எறிந்திருந்தால்கூட அவர் கவனித்திருக்கமாட்டார், ஒவ்வொன்றும் நாலாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாதபடி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. குப்பையை யாராவது இவ்வளவு மரியாதையாக மடித்து வைப்பார்களா. பிரித்துப் பார்த்தால் எள், கசகசா, ஓரத்தில் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. மேலாக இருந்த பையில் பாதி பேகல் இருந்தது. விரல் தானாக அதன்மேல் போயிற்று, போன விரல் நின்றுவிட்டது. அமுங்கவில்லை. தோல் பளபளவென்று, அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளத்தோடு, விரலைத் திருப்பித் தள்ளியது. கொட்டகையின் கதவைப் பார்த்துக்கொண்டே, தன் மகள் வீட்டிலேயே திருடனைப்போல, ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். முந்தின நாள் சரக்கு, பல் இல்லாதவன் நினைத்துப் பார்க்கவே கூடாது. தாடை வலித்தது. மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று, மெல்ல மெல்ல அதில் ஒரு ருசி வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. இதுதான் பேகல் போலிருக்கிறது என்று அப்போது அவருக்குப் புரிந்தது, புரிந்தவுடனே மற்றதும் புரிந்தது. பையில் அச்சடித்திருந்தது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் பேர், அங்கே தினமும் ஒன்று வாங்கி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறான். அதற்கு முன்னால் வீட்டில் மாமா வைத்ததையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறான். ஒரு மனுஷன் மாமனார் மரியாதைக்காக தினம் இரண்டு தடவை காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். தொப்பை போடுது, உடற்பயிற்சிக்குப் போ என்று மாதங்கி வேறு அவனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறாள், அவன் பாவம் வாயைத் திறக்கவில்லை. தணிகாசலம் பைகளை மடித்திருந்த மாதிரியே மடித்து, இருந்த இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டு, கூட்டாத காரைக் கூட்டியாயிற்று என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது எதிரில் மூன்று தட்டு நிறைய பேகல். வெறும் பேகல், எள் போட்டது, வெங்காயம் போட்டது, உலர்ந்த திராட்சையும் பட்டையும் போட்டது, ஊதா நிறத்தில் ஏதோ பழம் போட்டது, கோதுமையில் செய்தது. அந்தப் பழம் போட்டதை யார் வாங்குகிறார்கள் என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கண் உயரத்தில் இருப்பவை அவர் வழக்கமாக எடுப்பவை, பெரிதாக, வெளுப்பாக, ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு பாக்கெட்டுக்குள் கோணிப்போய் இருக்கும். அடித்தட்டில் இருப்பவற்றை இதுவரை குனிந்து பார்த்ததே கிடையாது. அளவில் சின்னது, நிறம் கொஞ்சம் தூக்கல், பாக்கெட்டுக்குள் தனித்தனியாக நின்றது. குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். கனத்தது. அமுக்கினார், கொஞ்சம்தான் போயிற்று. செருப்புக்கு அடியில் வைத்துத் தைக்கிற தோலை யாராவது கையுறைத் தோலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்களா. அடித்தோல் வளைந்தாலே அதை ஒதுக்கிப் போட்டவர்தானே இவர். அதற்கு ஒரு தரம், இதற்கு ஒரு தரம் என்று புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்ன ஆள், அமெரிக்கா வந்தவுடன் மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லது என்று எப்படி முடிவுகட்டினார். இட்லி புத்திதான், வேறு என்ன. நம் ஆட்கள் எதைப் பாராட்டினாலும் பூ மாதிரி, பஞ்சு மாதிரி என்றுதானே பாராட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ரொட்டி எடுக்க வந்து, இவர் பாக்கெட்டைப் பிடித்திருக்கிற தினுசைப் பார்த்தாள். அவர் அவசரமாக அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் சிரித்துவிட்டுப் போனாள். நல்ல அம்மாளாக இருக்க வேண்டும்.

பேகலோடு போயிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. மாப்பிள்ளைக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவதை விட்டுவிட்டு இங்கே நின்றுகொண்டிருப்பானேன். வியாழக்கிழமை ராத்திரி ராணிப்பேட்டையிலிருந்து எதிர்வீட்டு ஜெயபால் கூப்பிட்டிருந்தார். அவருடைய தங்கை மகன் வீடு பார்க்கிறானாம், உங்கள் வீடு பிடித்திருக்கிறதாம், கொடுப்பதாக இருந்தால் உங்கள் ஊர்ச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லையென்றால் அவன் வேறு இடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுவான் என்றார். அந்த வீடு போனால் திரும்பிப் போக இடம் கிடையாது. போகாவிட்டால் மிச்சமிருக்கிற காலம் முழுக்க இந்த மகள் வீடுதான், இந்த மாப்பிள்ளைதான். மாதங்கி யோசிக்கவே இல்லை, "குடுத்துடுங்கப்பா, அங்க போய்த் தனியா என்ன பண்ணப் போறீங்க" என்றாள். தணிகாசலம் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா மாமா, இங்கேயே இருங்க, சூப்பரா இருக்கும்" என்றான். அதே வார்த்தை. பஞ்சுப் பேகலைக் கடித்துவிட்டுச் சொன்ன அதே சூப்பர், அதே முகம், அதே மாதிரி ஒரு தலையாட்டல். முந்தின நாள் கொட்டகையில் காகிதப் பையைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஜெயபாலுக்குச் சரி என்று சொல்லியிருப்பார். பார்த்துத் தொலைத்தாயிற்றே. பேகலுக்குச் சொன்ன சூப்பர் பொய் என்றால் இதற்குச் சொன்னது மட்டும் எப்படி நிஜமாகும். இரண்டு ராத்திரியாக இந்த ஒரு இடத்தில் வந்து வந்து நின்றார். அவன் கெட்டவன் இல்லை, நல்லவன், நல்லவனாக இருப்பதுதான் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் என்றைக்காவது வாயை விட்டுச் சொல்லிவிடுவான், கிளம்புங்கள் என்று. இவன் சொல்லவேமாட்டான். பிடிக்காத மாமனாரையும் பிடிக்காத பேகலையும் நெய் தடவி விழுங்கிவிட்டு, எங்கேயாவது காரில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்வான்.

மாப்பிள்ளைகள் சொல்கிற சூப்பரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அவரே ஒரு மாப்பிள்ளையாக இருந்தவர்தான். மனைவி விசாலத்தின் அப்பா ஏகாம்பரம், ஆற்காட்டுக்காரர், எப்போது வந்தாலும் கையில் ஒரு பெட்டி மக்கன்பேடா. அந்த ஊர் இனிப்பு, ஊரே கொண்டாடும், பாகில் ஊறி உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்து வரும். தணிகாசலத்துக்கு அதைக் கண்டாலே குமட்டும், அந்தத் தித்திப்பு பல்லின் வேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர் பெட்டியைப் பிரித்து, மாப்பிள்ளை வாயில் ஒன்று போகிற வரைக்கும் உட்காரமாட்டார். போட்டுக்கொண்டு, "பிரமாதம் மாமா" என்பார் இவர். கல்யாணமான வருஷம் ஆரம்பித்த பிரமாதம், பெரியவர் படுத்த படுக்கையாகி இவர் வீட்டிலேயே வந்து கிடந்த காலம் வரைக்கும் ஓடியது. அந்தக் கடைசி மாதங்களில் இருவரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். சௌகரியமா மாமா, சௌகரியம் மாப்பிள்ளை. விசிறி வேகமா வைக்கட்டுமா, உங்க இஷ்டம் மாப்பிள்ளை. ஒரு நாள் ஒரு சண்டை கிடையாது, ஊரில் எல்லாரும் மாமனார் மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அவர் போன அன்றைக்குக் கூடத்தில் விசாலம் அலறி அழுதாள். அப்பா நீ என்னை அடிச்சியே, அன்னிக்கி என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனியே என்று அவளுக்குச் சொல்லி அழ எவ்வளவோ இருந்தது. இவரும் அழ வேண்டும் என்று நினைத்தார், நிஜமாகவே நினைத்தார், எதைச் சொல்லி அழுவது என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் பழகியதில் கைக்குச் சிக்குகிற மாதிரி ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல மனுஷர் வந்தார், இருந்தார், போனார். அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற வேலையில் மறந்துபோயிற்று. இப்போது இந்த ரொட்டி வரிசையில் நிற்கும்போது அது திரும்பி வந்தது. நான் போனாலும் இந்தப் பையன் அப்படித்தான் கை கட்டிக்கொண்டு நிற்பான். வருகிறவர்களிடம் மாமா ரொம்ப நல்லவர் என்பான். அவ்வளவுதான்.

எதை எடுப்பது. வழக்கமான பஞ்சையே எடுத்தால் ஒன்றும் நடக்காது, திங்கட்கிழமைக் காலையில் நெய், பொடி, சூப்பர், ரயில் நிலையம், காகிதப் பை. இன்னும் எத்தனை வருஷம் உயிர் இருக்குமோ அத்தனை வருஷமும் அப்படியே போகும், அந்தப் பையனுக்கு ரத்தக்கொதிப்பு வந்து சேரும். அடித்தட்டுக் கெட்டி பேகலை எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், மாமா காரைக் குடைந்திருக்கிறார் என்று. அவமானப்படுவான். அவமானப்பட்டால் இன்னும் மரியாதை கூடும், அந்த மரியாதையை யார் தாங்குவது. மாதங்கியை விட்டு அவனிடம் பேசச் சொல்லலாம். அது கோழைத்தனம், தவிர அவள் இருவரையும் உட்காரவைத்து விசாரணை வைத்துவிடுவாள், அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஒன்றும் எடுக்காமல் சரக்கு சரியில்லை என்று சொல்லிவிடலாம். இவ்வளவு பாக்கெட்டை எதிரில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் மண்டை குழம்பிவிட்டது என்று நினைப்பான். ஊருக்கே போய்விடலாம். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு, யார் சொல்லும் சூப்பரையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடலாம். அந்தக் கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். விசாலம் போனபிறகு அங்கே தனியாக இருந்த மாதங்களில், தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவன் வணக்கம் என்றால் இவரும் வணக்கம் என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தார். அது அவருக்குப் பயமாக இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. மறுபடியும் குனிந்தார், கெட்டி பாக்கெட்டைத் தொட்டார், எடுக்கவில்லை. நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும் சத்தம் முதலில் வந்தது, பிறகு பரிதி வந்தான். மாமாவின் வெறும் கையைப் பார்த்தான்.

"என்ன மாமா, ஒண்ணும் சரியில்லையா இன்னிக்கி?"

"பாத்துக்கிட்டிருக்கேன் மாப்பிள்ளை."

"இருங்க, நான் பாக்கறேன்" என்று கண் உயரத் தட்டில் முன்னால் இருந்தவற்றை ஒதுக்கினான். பின் வரிசையில் கையை விட்டான். ஒரு பாக்கெட்டை இழுத்து அதன்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினான், தலையை ஆட்டிக்கொண்டு அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான், அதையும் அழுத்தினான். இவர் எப்படிச் செய்வாரோ அப்படியே, விரல் எழுந்துவரும்வரை காத்திருப்பது உள்பட. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, பின்னாலேயே நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பாக்கெட்டில் அவன் முகம் தெளிந்தது. "இது பாருங்க மாமா. நல்லா பஞ்சு மாதிரி இருக்கு" என்று நீட்டினான்.

தனக்குப் பிடிக்காத பேகலை இவ்வளவு சிரத்தையாகப் பொறுக்குகிற ஒருவனைத் தணிகாசலம் அதுவரை பார்த்ததில்லை. இதைச் செய்கிறவனுக்குத் தன்மேல் பிரியம் இல்லாமல் இருக்காது என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் ஏகாம்பரத்தின் பெட்டிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்ற தன் முகமும் தோன்றியது. நானும் பிரியமில்லாமலா தின்றேன். பிரியமாகத்தான் தின்றேன், தின்றே அந்த மனுஷரைத் தூரத்திலேயே வைத்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்குப் பிடிக்குதா?"

"சூப்பரா இருக்குமே மாமா."

"அது இல்லை. நான் கேக்கறதுக்கு நேரா சொல்லுங்க. நான் தப்பா நினைச்சுக்கமாட்டேன். நினைச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்க."

பரிதி பாக்கெட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "மாதங்கி ஏதாவது சொன்னாளா மாமா?"

"அவ ஒண்ணும் சொல்லலை. புதன்கிழமை நான் காரைக் கூட்டப் போனேன்."

அவன் காது இரண்டும் சிவந்தது. தள்ளுவண்டியின் கைப்பிடியை ஒரு தரம் பிடித்து விட்டான். தணிகாசலத்துக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை, இப்போது விட்டால் இன்னொரு தடவை தனக்குத் தைரியம் வராது என்று தெரியும்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நல்லா இல்லைதானே?"

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மோசம் மாமா" என்றான்.

"எவ்வளவு மோசம்?"

"ரொம்ப மோசம். இது பேகலே இல்ல மாமா, நடுவுல ஓட்டை போட்ட பன்னு. நான் நியூயார்க்ல, க்வீன்ஸ்ல பொறந்து வளர்ந்தவன். அம்மா காலையிலேயே வேலைக்குப் போயிடுவாங்க, ஸ்கூலுக்குப் போற வழியில தினம் பேகல்தான் எனக்கு. பேகல்னா கடிச்சு இழுக்கணும், தாடை வலிக்கணும். இது வாயில வெச்சா காணாமப் போயிடுது. அதுமேல நெய் வேற, இட்லிப்பொடி வேற."

"பொடியுமா?" அந்த ஒன்று கொஞ்சம் சுருக்கென்றுதான் தைத்தது. பொடி அவரே வறுத்து அரைத்தது.

"பொடி நல்ல பொடி மாமா" என்றான் பரிதி. "இட்லிக்கு."

தணிகாசலம் இன்னும் வலிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. பல வருஷமாக அடைத்திருந்த மூக்கு திறந்த மாதிரி ஏதோ ஒன்று சுகமாகக்கூட இருந்தது. இந்தப் பையனுக்குக் குரல் இப்படி ஏறும் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவனும் அதோடு நிற்கவில்லை, ஒருதரம் திறந்த வாய் மூட மறுத்தது. காலையில் எல்லாரும் தூங்கும்போது மிக்ஸி போடாதீர்கள் மாமா, என் சட்டையை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டு வைக்காதீர்கள், எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, நான் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று மாதங்கியிடம்கூட நான் சொல்லவில்லை என்றான். சொல்லி முடித்ததும் பயந்துபோனான்.

"ஸாரி மாமா. ஏதோ வேகத்துல..."

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க மாமா."

"நீங்க போன் பேசும்போது வீடு முழுக்க நடக்கறீங்க. நான் எங்க உக்காந்தாலும் எதிர்ல வந்து நின்னுக்கறீங்க. மாப்பிள்ளை நிக்கறாரே, எந்திரிக்கணுமா, உக்காரணுமான்னு தெரியாம எனக்கு முட்டி போயிடுச்சு."

பரிதி அவரையே பார்த்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பக்கம் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் பஞ்சு பாக்கெட்டை அவன் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார், எள் போட்டது.

"இது எப்படி?"

பரிதி வாங்கிக் கனம் பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "பரவாயில்லை மாமா" என்றான். "பாக்கெட்ல வர்றதுல இதுக்கு மேல கிடைக்காது."

பரவாயில்லை. அந்த வார்த்தையை அவர் மனசுக்குள் ஒருதரம் வைத்துப் பார்த்தார். கேட்டுக் கேட்டு அலுத்த சூப்பர் எல்லாவற்றையும் விட அது அவருக்குப் பிடித்திருந்தது. இவன் இனிமேல் ஒன்றைப் பிடிக்கிறது என்று சொன்னால் பிடிக்கிறது என்றுதான் அர்த்தம்.

"மாப்பிள்ளை, வீட்டு விஷயமா ஜெயபாலுக்குச் சாயங்காலம் போன் பண்ணணும். நான் இங்கேயே இருந்துடறதுல உங்களுக்குச் சிரமம் ஏதாவது இருக்கா? இதையும் நேரா சொல்லுங்க."

பரிதி நிஜமாகவே யோசித்தான். யோசிக்கிறானே என்று தணிகாசலத்துக்குத் திக்கென்றது.

"சிரமம் இருக்கும் மாமா" என்றான். "எனக்கு வீட்ல யாராவது இருந்தா சத்தமா பாட்டு கேக்க முடியாது, அரை டிராயரோட திரிய முடியாது. ஆனா போன மாசம் நீங்க ரெண்டு நாள் உங்க தம்பி பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல, அப்ப சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா உள்ள இருட்டா இருந்துச்சு. எனக்குப் பிடிக்கலை. நீங்க இருங்க."

அவர் பாக்கெட்டை வண்டியில் பால் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பணம் கட்டுகிற இடத்துக்கு நடந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது, கடைசியில் போய் நின்றார்கள்.

"வேற ஏதாவது இருக்கா மாப்பிள்ளை, சொல்லாம வெச்சிருக்கறது?"

பரிதி வண்டியை ஒரு அடி முன்னால் தள்ளினான். "இருக்கு மாமா."

"இருக்கட்டும்" என்றார் தணிகாசலம். "ஒரேயடியா சொல்லிடாதீங்க. நாள் கிடக்கு."